"சாமான் வரட்டும், வந்த உடனே சைன் வைக்கிறன்"

திருகோணமலையில் ஹோட்டலிலோ துறைமுகப் பக்கக் கம்பனிகளிலோ புதிதாக வேலைக்குச் சேரும் பிள்ளைகள் என்னிடம் கேட்பதெல்லாம் நேர்முகத் தேர்வைப் பற்றித்தான். என்ன உடுத்திக்கொண்டு போவது, ஆங்கிலம் தடக்கினால் எப்படிச் சமாளிப்பது, சம்பளம் எவ்வளவு கேட்பது. சேர்ந்த பிறகு என்ன வரும் என்று ஒருவரும் கேட்பதில்லை. சிக்கல் அங்கேதான் இருக்கிறது. அதுவும் படத்தில் காட்டுவது போலக் காசுக்கட்டோடு வராது. "தம்பி, இதில ஒரு சைனை வைச்சு விடுங்கோ, பிறகு பாத்துக்கொள்ளலாம்" என்று ஒரு கடதாசியாக வரும்.

சுனாமிக்குப் பிறகு ஒரு நிவாரண நிறுவனத்தின் களஞ்சியத்தில் சேர்ந்தேன். அவர்கள் வேலையை முடித்துக்கொண்டு போனதும், நிலாவெளிப் பக்கம் ஒரு ஹோட்டலில் ஸ்டோர்ஸும் கொள்வனவும் பார்த்தேன். இரண்டு இடத்திலும் என் வேலை கடதாசியும் தராசும். இங்கே எழுதுவதெல்லாம் அந்த மூலையிலிருந்து பார்த்தவை.

எனக்கு வேலை பழக்கியவர் கிண்ணியாவைச் சேர்ந்த ஒரு முஸ்லிம் அண்ணன், நானா என்றுதான் கூப்பிடுவோம். 2004 டிசம்பர் 26 அன்று கிண்ணியா வைத்தியசாலையையே கடல் அழித்துவிட்டிருந்தது. அவருடைய சொந்தத்திலும் இழப்பு. களஞ்சியத்துக்குள் வந்துவிட்டால் அதைப் பற்றி ஒரு சொல் பேசமாட்டார். கொழும்பிலிருந்து ஹபரணை, கந்தளாய் வழியாக லொறி வரும். பெரும்பாலும் இருட்டிய பிறகுதான் வந்து சேரும். சாரதிக்குத் திரும்பிப் போகும் அவசரம், கூலியாட்களுக்கு வீட்டுக்குப் போகும் அவசரம். எல்லாரும் சேர்ந்து "எண்ணிக்கை சரியாத்தான் இருக்கும், போடுங்கோ நானா" என்பார்கள். அவர் போடமாட்டார்.

அவருடைய முறை இதுதான். இரண்டு பேர் சத்தமாக எண்ண வேண்டும், ஒருவர் எழுத வேண்டும். அடுக்கின் நடுவிலிருந்து ஒரு பெட்டியை இழுத்துத் திறந்து பார்க்க வேண்டும். மேலே இருக்கும் பெட்டியைத் திறக்கக்கூடாது, அது காட்டுவதற்கென்றே மேலே வைக்கப்பட்டிருக்கலாம். எண்ணை இலக்கத்திலும் எழுத்திலும் எழுத வேண்டும். எழுதி முடித்த வரிக்குக் கீழே வெற்றிடம் இருந்தால் குறுக்குக் கோடு இழுத்துவிட வேண்டும், பிறகு ஒருவரும் அதில் ஒரு வரி சேர்க்க முடியாது. குறைவு இருந்தால் சாரதியின் கையொப்பமும் அந்தக் குறைவுக்குப் பக்கத்திலேயே.

அப்போது கிண்ணியாப் பாலம் இல்லை, 2009இல்தான் திறந்தார்கள். நானா பாதையில், அதாவது ஆளையும் வாகனத்தையும் ஏற்றி அக்கரை சேர்க்கும் மிதவையில் ஏறித்தான் வீட்டுக்குப் போக வேண்டும். நேரம் போய்விட்டால் அவருக்குத்தான் கஷ்டம். எண்ண நேரமே இல்லாத இரவுகளில் அவர் செய்தது எனக்கு இன்றுவரை உதவுகிறது. லொறிக் கடதாசியில் "எண்ணாமல் இறக்கப்பட்டது, காலையில் எண்ணப்படும்" என்று எழுதி அதற்குக் கீழேதான் கையொப்பம் வைப்பார். கதவுக்கு இரண்டு பூட்டு. ஒரு சாவி அவரிடம், மற்றது காவலாளியிடம். சாரதியும் போகலாம், சாமானும் உள்ளே, பொய்யும் இல்லை. முடியாது என்று முகத்தை முறிக்காமல், நடந்ததை நடந்தபடி எழுதிவிட்டால் பாதிப் பிரச்சினை அங்கேயே முடிகிறது.

அங்கேதான் மூன்று குவட்டேஷன் கதையையும் பார்த்தேன். குறிப்பிட்ட தொகைக்கு மேல் வாங்குவதென்றால் மூன்று கடைகளில் விலை கேட்க வேண்டும் என்பது நிறுவனத்தின் விதி. எல்லா இடத்திலும் இருக்கும் விதிதான், எல்லா இடத்திலும் அதைச் சுற்றிப் போகும் வழியும் ஒன்றுதான். ஒரே வியாபாரியே மூன்று கடைகளின் தலைப்புத் தாளில் விலை போட்டுக் கொண்டுவந்து தருவார். கூரைத் தகரமும் சீமெந்தும் வாங்கும் கோப்பு ஒன்று என் மேசைக்கு வந்தது. மூன்று கடிதத்திலும் ஆங்கிலத்தில் சீமெந்துக்கு ஒரே எழுத்துப்பிழை. மூன்றும் ஒரே மாதிரி, ஒரு விரல் பிசகாமல் மடிக்கப்பட்டிருந்தன. கூடிய விலையும் குறைந்த விலையும் சொல்லிவைத்தது போல அளவான இடைவெளியில்.

நானாவிடம் காட்டினேன். அவர் யாரையும் கள்ளன் என்று சொல்லவில்லை. "மூண்டு கடைக்கும் லேண்ட் லைன்ல கோல் எடுங்க. கடிதத்தில இருக்கிற நம்பருக்கு எடுக்க வேணாம், டெலிபோன் டிரெக்டரியில பாத்து எடுங்க" என்றார். ஒரு கடைக்காரர் அப்படி ஒரு விலை தாங்கள் கொடுக்கவே இல்லை என்றார். மற்றவர் தன் தலைப்புத் தாள் எப்படி வெளியே போனது என்று எங்களிடமே கேட்டார். யாரோடு எப்போது பேசினோம், என்ன சொன்னார்கள் என்று ஒரு தாளில் எழுதிக் கோப்பில் கோத்து மேலே அனுப்பினோம். எங்கள் கருத்தாக ஒரு வரிகூடச் சேர்க்கவில்லை. விலை மறுபடி கேட்கப்பட்டது. அந்தக் கோப்பை ஆரம்பித்த அலுவலர் வேறு மாவட்டத்துக்கு மாற்றலாகிப் போனார். தண்டனையா, தற்செயலா என்று எங்களுக்கு யாரும் சொல்லவில்லை. வேலைத்தளத்தில் நியாயம் பெரும்பாலும் இப்படித்தான் அரையும் குறையுமாக வரும். முழுதாக எதிர்பார்த்து இறங்குபவர்கள் சீக்கிரம் சலித்துப் போகிறார்கள்.

ஹோட்டலுக்கு வந்த பிறகு லொறிக்குப் பதில் மீன்.

காலையில் அறக்குளா, பாரை, கணவாய், இறால் எல்லாம் பின்வாசலுக்கு வரும். பிளாஸ்டிக் கூடையில், ஐஸோடு. கூடையை அப்படியே தூக்கித் தராசில் வைத்தால் கூடையின் பாரம், ஐஸ், தண்ணீர் மூன்றும் மீன் விலைக்குப் போகும். அறக்குளா விலை கொடுத்து ஐஸ் வாங்கும் ஹோட்டல்கள் எங்கள் கரையில் குறைவில்லை. நான் சேர்ந்த நாட்களில் பில்லில் 40 கிலோ என்று இருந்த ஒரு கூடையை, வெறுங்கூடையின் பாரத்தைக் கழித்து, மீனைக் கம்பி வலைத் தட்டில் கொஞ்ச நேரம் வடியவிட்டு, வயிற்றுக்குள் அடைத்திருந்த ஐஸைத் தட்டி எடுத்துவிட்டு நிறுத்தேன். 35 கிலோவும் சில்லறையும்.

மீன் கொண்டுவந்த பையன் பயந்துவிட்டான். "அண்ணை, ஒவ்வொரு நாளும் இப்பிடித்தானே எடுக்கிறவை" என்றான். அவன் சொன்னது உண்மை. எனக்கு முன்னால் இருந்தவர் பில்லைப் பார்த்து ஜீ.ஆர்.என். (சாமான் வந்து சேர்ந்ததற்கான பதிவுச் சீட்டு) எழுதியிருக்கிறார், தராசைப் பார்த்து எழுதவில்லை. இடையில் போன கிலோக்களின் காசு யார் யாருக்குப் போனது என்று நான் தேடவில்லை. பையனிடம், "உங்கட முதலாளி கேட்டா, தராசு காட்டினதை எழுதினவர் எண்டு சொல்லுங்கோ" என்று சொல்லி, பில்லில் எண்ணை வெட்டிச் சரியான எண்ணை எழுதி, அவனையும் பக்கத்தில் கையொப்பம் வைக்கச் சொன்னேன். வெட்டிய எண் வாசிக்கக்கூடியதாக இருக்க வேண்டும், வெள்ளை மை பூசக்கூடாது. கணக்காய்வுக்கு வருபவர்கள் முதலில் தேடுவது வெள்ளை மையைத்தான்.

இதற்குப் பிறகு நடந்ததுதான் புதிதாகச் சேர்பவர்களுக்குத் தெரிய வேண்டியது. யாரும் என்னோடு கிலோவுக்குச் சண்டை பிடிக்கவில்லை. மீன் பிந்தி வரத் தொடங்கியது. சின்ன மீனாக வந்தது. வாராந்தக் கூட்டத்தில் சமையலறைப் பொறுப்பாளர், "ஸ்டோர்ஸால எனக்கு நேரத்துக்கு மீன் கிடைக்கிறதில்லை, கெஸ்ட் கொம்ப்ளெயின் பண்ணுகினம்" என்றார். இப்படித்தான் அடி விழும். உங்கள் நேர்மையைப் பற்றி யாரும் வாய் திறக்கமாட்டார்கள், உங்களுக்கு வேலை தெரியாது என்றுதான் சொல்வார்கள்.

நல்லகாலம், என்னிடம் ஒரு சாதாரண சி.ஆர். கொப்பி இருந்தது. மீன் வந்த நேரம், கேட்ட அளவு, வந்த அளவு, நிறுக்கும்போது பக்கத்தில் நின்றவர் யார் என்று தினமும் எழுதி வைத்திருந்தேன். கூட்டத்தில் அதை வாசித்தேன், அவ்வளவுதான். "யாரோ விளையாடுகிறார்கள்" என்று ஒரு சொல் சொல்லியிருந்தால் கதை குணச்சண்டையாகப் போயிருக்கும். மனேஜர் இரண்டாவது சப்ளையரைச் சேர்க்கச் சொன்னார். மீன் மறுபடி நேரத்துக்கு வந்தது.

இது முதலாளியின் காசு, எங்களுக்கென்ன என்று கேட்பவர்கள் உண்டு. சாப்பாட்டுச் செலவு கூடினால் ஹோட்டல் விருந்தாளியின் தட்டில் கைவைக்காது. ஊழியர் சாப்பாட்டில்தான் கைவைக்கும். எங்கள் மதியச் சோற்றில் மீன் துண்டு காணாமல் போய்ப் பருப்பும் சொதியுமாக நின்றதற்கும் பின்வாசல் தராசுக்கும் தொடர்பு இருந்தது என்பது அந்தக் கொப்பியைக் கூட்டிப் பார்த்தபோதுதான் பலருக்கு விளங்கியது.

அன்பளிப்பு விஷயத்தில் நான் அவ்வளவு கறார் இல்லை. பொங்கலுக்கு ஒரு சப்ளையர் பலகாரம் கொண்டுவந்தால், நோன்புப் பெருநாளுக்கு வட்டிலப்பம் வந்தால், சித்திரையில் கொக்கிஸ் வந்தால் வாங்கத்தான் வேண்டும். திருகோணமலையில் அதை மறுப்பது மனிதரை மறுப்பது. நான் வைத்துக்கொண்ட வழி, வருவதை எல்லாருக்கும் முன்னால் மேசையில் வைத்துத் திறப்பது. பலகாரம் என்றால் அந்த இடத்திலேயே தீர்ந்துவிடும். மேசையில் வைத்துத் திறக்கமுடியாத பொருள் என்றால், அது கைபேசியோ கடித உறையோ எதுவானாலும், அது அன்பளிப்பு இல்லை. வீட்டுக்கு நேரே அனுப்பிவைப்பதும் அப்படித்தான். ஒருமுறை பெரிய பாரை ஒன்று வீட்டு வாசலுக்கே வந்தது. வீட்டில் அம்மா வாங்கி வெட்டியும்விட்டார். அன்றைய சந்தை விலையைக் கேட்டுக் காசைக் கொடுத்து, பில்லும் வாங்கினேன். சப்ளையருக்குக் கொஞ்சம் மனக்கசப்பு. பிறகு ஒன்றும் வீட்டுக்கு வரவில்லை.

சட்டமும் இப்போது முன்னைப் போல இல்லை. இலஞ்சம் என்றால் அரசாங்க உத்தியோகத்தருக்கு மட்டும்தான் என்ற எண்ணம் இன்னும் பலருக்கு இருக்கிறது. 2023ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க ஊழல் எதிர்ப்புச் சட்டம் தனியார் துறையில் கொடுப்பதையும் வாங்குவதையும் குற்றமாக்கியிருக்கிறது. முறைப்பாட்டுக்கு இலஞ்ச ஊழல் ஆணைக்குழுவின் 1954 என்ற இலக்கம் இருக்கிறது. கொள்வனவுப் பக்கம் வேலை செய்பவர்கள் இதைத் தெரிந்து வைத்திருந்தால், வற்புறுத்தும் ஆளிடம் சொல்ல ஒரு நல்ல காரணமும் கிடைக்கும்: "எனக்கும் சிக்கல், உங்களுக்கும் சிக்கல்."

வரவேற்பில் நிற்பவர்களுக்குச் சோதனை வேறு மாதிரி. புறாமலைக்குப் படகு, திமிங்கிலம் பார்க்கப் படகு, கன்னியா வெந்நீரூற்றுக்கு ஓட்டோ, எல்லாவற்றுக்கும் கொமிஷன் உண்டு. கொமிஷன் வாங்குவதே பிழை என்று நான் சொல்லமாட்டேன். ஹோட்டலுக்குத் தெரிந்து, ஒரே விகிதத்தில் இருந்தால் அது வியாபாரம். பிழை எங்கே வருகிறதென்றால், ஐப்பசி கார்த்திகையில் வாடைக் காற்று கிளம்பிக் கடல் கொந்தளிக்கும்போதும் "நோ ப்ரொப்ளம், ஸீ இஸ் குட்" என்று சொல்லும் இடத்தில். அங்கே விற்கப்படுவது இன்னொருவரின் பாதுகாப்பு. எங்கள் வரவேற்பில் இருந்த தங்கச்சி ஒருத்தி ஒரு வழி கண்டுபிடித்தாள். காலையில் படகுக்காரரிடம் விருந்தாளியின் முன்னாலேயே, போனை ஒலிபெருக்கியில் போட்டுக் கேட்பாள்: "அண்ணை, உங்கட பிள்ளையளை இண்டைக்கு ஏத்திக்கொண்டு போவீங்களோ?" தயங்கினால் படகு இல்லை. சிரித்துக்கொண்டே செய்வாள், ஒருவருக்கும் கோபம் வராது.

இனி நான் பார்த்ததில் மிக மோசமானதைச் சொல்கிறேன். அது நடந்த ஹோட்டலின் பெயர் வேண்டாம்.

எங்கள் கரையில் சீசன் சித்திரை கழிந்து தொடங்கிப் புரட்டாசியோடு ஓயும். அதன் பிறகு மழை, அறைகள் வெறிச்சென்று கிடக்கும். ஆளைக் குறைக்க வேண்டிய கட்டாயம் நிர்வாகத்துக்கு. ஆனால் 1971ஆம் ஆண்டின் 45ஆம் இலக்கச் சட்டப்படி, 15 பேரோ கூடவோ வேலை செய்யும் இடத்தில், பன்னிரண்டு மாதத்துக்குள் 180 நாளுக்குக் குறையாமல் வேலை செய்த ஒருவரை, ஒழுக்காற்றுக் காரணம் இல்லாமல் நினைத்தபடி நிறுத்த முடியாது. அவருடைய எழுத்துமூலச் சம்மதம் வேண்டும், இல்லாவிட்டால் தொழில் ஆணையாளர் நாயகத்தின் அனுமதி வேண்டும். இதைத் தாண்டிப் போக ஒரு பழைய உத்தி இருக்கிறது. வேலைக்குச் சேரும் நாளிலேயே திகதி போடாத இராஜினாமாக் கடிதம் ஒன்றில் கையொப்பம் வாங்கிப் பெட்டிக்குள் வைத்துக்கொள்வது. வேண்டிய நாளில் திகதியைப் போட்டால் போதும், ஆள் தானாக விலகிய கணக்கு.

எனக்குத் தமிழும் சிங்களமும் சரளம் என்பதால், சீசனுக்குப் புதிதாகச் சேர்ந்தவர்களிடம் "ஜொயினிங் டொகுமென்ட்ஸ்" கையொப்பம் வாங்கித் தரும்படி ஒரு கட்டு என்னிடம் தந்தார்கள். எல்லாம் ஆங்கிலத்தில். கும்புறுப்பிட்டியிலிருந்தும் இறக்கக்கண்டியிலிருந்தும் மொரவெவவிலிருந்தும் வந்த பிள்ளைகள். மூன்று பக்கத்துப் பிள்ளைகளுக்கும் அந்தக் கடதாசி ஒரே மாதிரி விளங்காது. கட்டுக்குள் மூன்றாவது தாள் அந்த இராஜினாமாக் கடிதம்.

நான் வாங்கமாட்டேன் என்று திருப்பிக் கொடுத்திருந்தால், வாங்கித் தர வேறொருவர் இருந்தார். ஆகவே எல்லாரையும் ஊழியர் சாப்பாட்டு அறையில் இருத்தி, ஒவ்வொரு தாளாகத் தமிழில் ஒரு தரம், சிங்களத்தில் ஒரு தரம் வாசித்து விளங்கப்படுத்தினேன். நியமனக் கடிதத்துக்குக் கையொப்பம் வைத்தார்கள். சம்பளத்தில் ஈ.பி.எஃப்புக்கு (ஊழியர் சேமலாப நிதி) 8 வீதம் கழியும், ஹோட்டல் 12 வீதம் போட வேண்டும், ஈ.டி.எஃப்புக்கு (ஊழியர் நம்பிக்கைப் பொறுப்பு நிதி) 3 வீதம் முழுக்க ஹோட்டல்தான் கட்ட வேண்டும், அது உங்கள் சம்பளத்தில் கழியக்கூடாது என்றும் சொன்னேன். மூன்றாவது தாளை வாசித்தபோது மொரவெவப் பிள்ளை ஒருவன் சிரித்துவிட்டான். "இன்னும் வேலைக்கே சேரவில்லை, அதற்குள் விலகச் சொல்கிறார்களா" என்று சிங்களத்தில் கேட்டான். ஒருவரும் பேனையைத் தொடவில்லை.

கட்டைத் திருப்பிக் கொடுக்கும்போது, "வாசித்துக் காட்டினேன், இந்தத் தாளுக்குக் கையொப்பம் வைக்க யாரும் சம்மதிக்கவில்லை" என்று மட்டும் சொன்னேன். "உங்களை வாசிக்கச் சொல்லவில்லையே" என்றார்கள். வாசிக்க வேண்டாம் என்றும் சொல்லவில்லைத்தான். அந்த வருடம் எனக்குச் சம்பள உயர்வு கிடைக்கவில்லை. காரணம் கேட்டேன், "ஒட்டுமொத்த மதிப்பீடு" என்றார்கள். இப்படி விலை கொடுக்க வேண்டி வரும் என்பதைச் சொல்லாமல் நேர்மையைப் பற்றி எழுதுவது ஆட்களை ஏமாற்றுவது. வீட்டில் ஒரே வருமானம் உங்களுடையது என்றால், எந்த இடத்தில் நிற்பது, எந்த இடத்தில் இன்னொருவரையும் சேர்த்துக்கொண்டு நிற்பது என்று யோசித்துத்தான் செய்ய வேண்டும். வாசித்துக் காட்டியது தனியே எதிர்த்து நின்றதைவிட எனக்குப் பாதுகாப்பாக இருந்தது, ஏனென்றால் சாட்சிக்கு ஓர் அறை நிறைய ஆட்கள்.

வாய்மொழிக் கட்டளைக்கும் இதே மாதிரி ஒரு வழி உண்டு. மேலே இருப்பவர் பிழையான ஒன்றை வாயால் சொல்வார், எழுத்தில் தரமாட்டார். வாக்குவாதம் வேண்டாம். திரும்பி வந்து ஒரு சின்ன மின்னஞ்சல்: "சேர், இன்று காலை நீங்கள் சொன்னபடி, சாமான் வருவதற்கு முன்னரே ஜீ.ஆர்.என். போட வேண்டும் என்று விளங்கிக்கொண்டேன். உறுதிப்படுத்தினால் செய்கிறேன்." பத்தில் ஒன்பது தரம் பதில் வராது, வேலையும் அப்படியே நின்றுவிடும். நேரிலேயே கேட்டு நிற்பவரிடம் நான் சொல்வது தலைப்பில் இருக்கும் வசனத்தைத்தான். மறுப்பு மாதிரியே இருக்காது. ஒத்துழைக்கத் தயாராக நிற்பது போலவே இருக்கும். சாமான் வராதவரை சைனும் வராது.

சின்ன ஊர் என்பதால் இன்னொன்று. கேட்பவர் உவர்மலையில் பக்கத்து வீட்டுக்காரராக இருப்பார், இல்லாவிட்டால் மச்சானின் மச்சானாக இருப்பார். என் உறவினர் ஒருவர் மரக்கறி சப்ளைக்கு விலை போட்டபோது, "இவர் எனக்குச் சொந்தம், இந்தக் கோப்பை வேறொருவர் பார்க்கட்டும்" என்று எக்கவுண்டனுக்கு எழுதிக் கொடுத்தேன். அவருக்கு அந்த ஒப்பந்தம் கிடைத்தது, விலை உண்மையிலேயே குறைவு. முதலே எழுதிக் கொடுத்திராவிட்டால் அந்தக் குறைந்த விலையை யாரும் நம்பியிருக்கமாட்டார்கள். கலியாண வீட்டில் மாமி, "எங்கட பொடியனுக்கு ஒரு சொல்லும் சொல்லயில்லையாமே" என்று குறைப்பட்டார். சரி, அது இருக்கட்டும்.

விலகும்போது அவசரப்படாதீர்கள் என்பதையும் சொல்லிவிடுகிறேன். பலர் கோபத்தில் சாவியை மேசையில் வைத்துவிட்டுப் போய்விடுகிறார்கள். பிறகு காணாமல் போகும் ஒவ்வொரு பொருளும் அவர்கள் தலையில் விழும். நான் விலகியபோது புதிதாக வந்தவரோடு சேர்ந்து அறை அறையாக எண்ணினேன். ஒவ்வொரு பொருளின் வரவு செலவையும் எழுதும் இருப்பு அட்டையில் (bin card) இருப்பதும் இறாக்கையில் இருப்பதும் பொருந்தாத இடங்களைத் தனித் தாளில் எழுதினோம். காலாவதியான தேங்காய்ப்பால் பெட்டிகள் இரண்டு பின்னால் கிடந்தன, அவற்றையும் சேர்த்தோம். நான், அவர், எக்கவுண்டன் மூவரும் கையொப்பம் வைத்து ஆளுக்கொரு பிரதி எடுத்தோம். சேவைக் கடிதத்தையும் ஈ.பி.எஃப் விபரங்களையும் கையில் வாங்கிய பிறகுதான் சாவியைக் கொடுத்தேன். தேங்காய்ப்பாலுக்காக எக்கவுண்டன் கொஞ்சம் முணுமுணுத்தார். கடைசிச் சம்பளத்தில் எதுவும் கழிக்கவில்லை.